தழைச்சத்தின் இருப்பிடம்

ஒரு சொல்லுக்குள் ஓர் அறிவியலே உறைந்திருக்கும் என்பதற்கு நம் வேளாண் வழக்கு நல்ல சான்று. நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும், பாஸ்பரசை மணிச்சத்து என்றும், பொட்டாசியத்தைச் சாம்பல்சத்து என்றும் வழங்குகிறோம். மரம் வெட்டுவோர் இப்பெயர்களைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆத்தூருக்கு வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் காடு போர்த்து நிற்கின்றன. சமவெளிப் புன்செய்களில் தைலமரமும் சவுக்கும் பயிராகின்றன. பள்ளிபாளையத்திலும் புகளூரிலும் உள்ள காகித ஆலைகளுக்குக் கூழ்மரம் வேண்டும். ஆதலின் மரம் வெட்டுதலே தீது என்று நாம் கூறவில்லை. எவ்வாறு வெட்டுகிறோம் என்பதே வினா.

அடிமரம் எடையில் பெரிது, சத்தில் சிறிது. தழையும் சுள்ளியும் பட்டையும் எடையில் சிறியன, சத்தில் செறிந்தன. தைலமரப் பட்டையில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. எனவே அடிமரத்தை மட்டும் கொண்டுசென்றால் மண்ணின் இழப்பு குறைவு. தழை, பட்டையோடு முழுமரத்தையும் வாரிச்சென்றால் இழப்பு வெகுவாகக் கூடும். எஞ்சியதைக் கொளுத்தினாலோ சாம்பல்சத்து ஓரளவு தங்கும். தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சில ஆண்டுகளுக்கொருமுறை வெட்டப்படும் தோப்பில் அவ்விழப்பை ஈடுசெய்ய மண்ணுக்குக் காலமும் இல்லை.

அமெரிக்காவின் ஹப்பார்டு புரூக் காட்டில், 1965ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பு நிலத்து மரங்களை முற்றிலும் வெட்டி, மறுதளிர்ப்பையும் களைக்கொல்லியால் தடுத்து ஆராய்ந்தனர். ஓடைநீரில் நைட்ரேட் பன்மடங்கு பெருகிற்று. உண்ண வேர் இல்லாதபோது மண்ணின் சத்து நீர்வழியே போய்விடும் என்பது புலனாயிற்று. மலைநீரைப் பெற்று ஓடும் நம் வசிட்ட நதிக்கரையினர்க்கும் இது பொருந்தும்.

அடுப்பெரிக்கக் காய்ந்த சுள்ளி பொறுக்கும் ஏழையரை நாம் குறைகூறோம். அவர்தம் தலைச்சுமை சிறிது. லாரியில் ஏறும் சுமையே பெரிது. பட்டையை வெட்டிய இடத்திலேயே உரித்துப் பரப்புதல், தழையைக் கொளுத்தாது மட்கவிடுதல், மலைச்சரிவை ஒரே வீச்சில் மொட்டையடிக்காமை ஆகிய மூன்றும் மரம் வெட்டும் ஒப்பந்தங்களில் இடம்பெற வேண்டும். மரத்திற்கு விலைபேசும் உழவரும், தழைக்கும் பட்டைக்கும் விலை பேசாதிருத்தல் வேண்டும். அவற்றை விற்ற காசு உரக்கடைக்கே போய்ச்சேரும்.

தழைச்சத்து எங்கே இருக்கிறது என்பதை அதன் பெயரே சொல்லிவிட்டது. உழவர் இல்லங்களிலிருந்து வரும் நம் மாணவர்கள் அச்சொல்லின் பொருளை வீட்டிலும் எடுத்துரைப்பார்களாக.