மேசைமேல் ஒரு விண்கப்பல்

பகடை என்றாலே நம்மவர் முகஞ் சுளிப்பர். தருமன் நாடிழந்ததும் நளன் காடடைந்ததும் அதனாலன்றோ? ஆகவே, சென்ற மாதம் ஒரு மாலை பாலையூற்றில் நம் வீட்டு விறாந்தையில் மாணவர் நால்வர் மேசையைச் சூழ்ந்திருந்து பகடை உருட்டக் கண்ட அயலவர், படலையடியில் நின்றபடியே, "என்ன மாஸ்டர், உங்கள் வீட்டிலுமோ?" என்று கேட்டுவிட்டார்.

அவருக்குக் கூறிய விடையை வாசகர்க்கும் கூறுவோம். இது பணயம் வைத்தாடும் சூதன்று. ஒருவர் கதையை நடத்துவார்; ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, தாம் செய்வது இன்னதென வாயாற் சொல்வர். செய்தது பலித்ததா என்பதை மட்டும் பகடை தீர்க்கும். அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் 1982இல் ‘ஸ்டார் ஃப்ரொண்டியர்ஸ்’ என்னும் விண்வெளி ஆட்டத்தையும் வெளியிட்டது. அதற்குப் பத்து முகப் பகடை இரண்டு வேண்டும். ஒன்று பத்தின் தானத்தையும் மற்றது ஒன்றின் தானத்தையும் காட்ட, வெற்றியும் தோல்வியும் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் முடிவாகும்.

இதில் நம் ஊருக்கும் ஓர் உறவுண்டு. 1984இல் அவ்வாட்டத்துக்கென வந்த கதைகளுள் இரண்டு, ‘2001’, ‘2010’ என்னும் ஆர்தர் சி. கிளார்க்கின் படைப்புகளைத் தழுவியவை. 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர் அவர். 1982இல் வெளிவந்த இரண்டாம் நாவலை எழுதியதும் கொழும்பிலேயே. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் கற்களும் மலையடிக் கடலிற் கிடப்பதை, மூழ்கிக் கண்டு உலகுக்கு எழுதியவரும் அவரே.

அப்புத்தகங்கள் நம் கைக்கு எட்டவில்லை. விதிகளைச் சுருக்கி நாமே எழுதிக்கொண்டோம். பகடை மட்டும் கனடாவிலுள்ள உறவினர் அனுப்பியது. ஆயினும் ஓர் இடர். கதையின் முடிவு நமக்குத் தெரியும். கூத்தில் அபிமன்யு மடிவான் என்பதறிந்தே விடிய விடிய இருந்து அழுகிறோம். அங்கே முடிவு மாறலாகாது. மேசையிலோ, முடிவறிந்தவர் ஏனையோரை அவ்வழியே இழுத்துச் சென்றால் ஆட்டம் அப்போதே செத்துவிடும்.

அன்று விண்கப்பலின் கதவு மூடியிருந்தது. வெளியே தனித்து நின்ற போமன் என்னும் வீரனுக்கு, ‘ஹால்’ என்னும் கணினி கதவு திறக்க மறுத்தது. 1968இல் வந்த திரைப்படத்தில் அவன் தலைக்கவசமின்றியே அவசர வாயிலால் உட்பாய்வான். போமனாக இருந்த மாணவியிடம், "நீ என்ன செய்கிறாய்?" என்றோம்.

"படத்தில் அவர் என்ன செய்தவர், சேர்?"

"அவர் இல்லை. நீதான் அவர்."

நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும்படி அவர்களை ஆண்டுக்கணக்காகப் பழக்கியவர் நாமே அல்லவா? சரியான விடை எதுவென்று ஆசிரியரிடம் கேள். பின் அதை எழுது. பரீட்சைக்கு அது போதும். மூடிய கதவின் முன் போதவில்லை.

முடிவில் அவள் கணினியை நோக்கி, "உன்னைப் பொய் சொல்லச் சொன்னது யார்?" என்றாள்.

நாம் திகைத்தோம். உண்மையே உரைக்கப் படைத்த பொறியை, பயணத்தின் நோக்கத்தை மறைக்குமாறு பணித்தமையாலேயே அது நிலைகுலைந்தது என்பது கிளார்க் இரண்டாம் நாவலிற் கூறிய காரணம். அந்நாவலை அவள் கண்ணாலும் கண்டதில்லை.

கேள்விக்குப் பணிந்து கணினி கதவைத் திறக்க வேண்டுமாயின், 30க்கு மேற்படாத எண் விழவேண்டும் என்று விதித்தோம். உருட்டினாள். விழுந்தது 34.

அயலவர் அதற்குள் விறாந்தைக்கே வந்துவிட்டிருந்தார். "இன்னொருக்கால் உருட்ட விடுங்கோ, மாஸ்டர்" என்றார். விதியில் அதற்கு இடமில்லை என்றோம். மாணவி அதைக் காதிற் கொள்ளவில்லை. அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தாள்.