சூடான இருக்கையும் நெடும்பயணமும்



மோட்டார் சைக்கிள் இருக்கைக்கும் வெப்பநிலைக் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தபோது, "அதெல்லாம் செல்வந்தர்களின் விளையாட்டு" என்றார் ஒருவர். விலையைப் பொறுத்தவரை அவர் கூறியது சரி. ஆனால், அந்த இருக்கை தீர்க்க முனையும் சிக்கல் செல்வந்தர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதே என் கருத்து.

இத்தகைய இருக்கைகள் முதலில் குளிர்நாடுகளின் தேவைக்காகவே தோன்றின. ஹோண்டா கோல்ட் விங் போன்ற நெடுந்தூர வண்டிகளில் இருக்கையின் உறைக்கடியில் சூடேற்றும் அமைப்பு உண்டு. சூடேற்றுவது எளிது, குளிர்விப்பதுதான் கடினம். இந்தியன் மோட்டார்சைக்கிள் நிறுவனம் (பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம், அஃது அமெரிக்க நிறுவனம்) இரண்டையும் ஒரே இருக்கையில் தருகிறது. இதன் அடிப்படை, 1834இல் பிரெஞ்சு நாட்டவரான பெல்டியர் கண்டறிந்த விளைவாகும். இருவேறு கடத்திகள் இணையுமிடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். மின்னோட்டத்தைத் திருப்பினால் பக்கங்கள் மாறிக்கொள்ளும். ஆனால், உறிஞ்சிய வெப்பத்தை எங்கேனும் வெளியேற்றியாக வேண்டும். அதற்கு மின்சாரமும் வேண்டும். நம் காப்சாய் வண்டியின் சிறிய மின்கலம் இதற்குப் போதாது.

ஆனால், வெயிலில் வாடுவோர் அந்தக் காப்சாய் ஓட்டுநர்கள்தாமே! வடக்கு தெற்கு விரைவுச்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். அதில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கட்டணம் இல்லை. எனவே, பெருநாள் காலத்தில் சிறிய வண்டியிலேயே ஊர் திரும்பும் குடும்பத்தினர் பலர். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோரையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை ஆவியாவதால்தான். ரெக்சின் உறையின்மீது அமர்ந்திருக்கும்போது தொடையின் அடியில் காற்றுக்கு வழியில்லை. வியர்வை தேங்குகிறது, தோல் எரிகிறது. ஓட்டுநர் நெளிந்து நெளிந்து அமர்கிறார். கவனம் சாலையை விட்டு இருக்கைக்குப் போகிறது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இந்நிலையில் வசதியை ஆடம்பரம் என்று நம்மால் ஒதுக்கிவிட முடியுமா?

மோட்டார் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும் வலை உறையைச் சிலர் ஏளனமாகப் பார்க்கின்றனர். எனக்கு அது நல்ல பொருளாகவே தோன்றுகிறது. உடலுக்கும் இருக்கைக்கும் இடையே காற்று நுழைய அது சிறு இடைவெளி தருகிறது. மின்சாரம் வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: வலை உறையோ குளிர் இருக்கையோ தூக்கத்தை விரட்டாது. இருக்கை சுகமாக இருப்பதாலேயே ஓய்விடத்தைக் கடந்து சென்றுவிடும் ஆபத்தும் உண்டு.

பள்ளிக்கு வருவோம். பல பள்ளிகளில் ஆசிரியர்களின் கார்களுக்குக் கூரை இருக்கிறது. பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வரும் பெற்றோரின் மோட்டார் சைக்கிள்களுக்கு வெயிலே கூரை. பகல் ஒரு மணிக்கு, அரைக்காற்சட்டை அணிந்த முதலாம் ஆண்டு மாணவன் அந்தக் கறுப்பு இருக்கையில் ஏறி அமரும்போது அவன் முகத்தைப் பாருங்கள். துண்டை விரித்துப் பிள்ளையை உட்கார வைக்கும் தந்தையரும் இருக்கிறார்கள். நான்கு தூண்களும் சில தகரங்களும் போதும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை முன்வைக்கவிருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் வரும் பெற்றோர் அன்று தவறாமல் வாருங்கள்.