விழுந்த பல்லை வீசிவிடாதீர்கள்

“பல்தானே, போனால் போகட்டும். ஒரு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டால் ஆயிற்று.” சித்தூரிலும் திருப்பதியிலும் பைக்கிலிருந்து விழுந்தவர்களுக்கும், சந்திரகிரிப் பக்கம் ரங்கம்பேட்டை மாடுபிடியில் அடிபட்டவர்களுக்கும் சொல்லப்படும் ஆறுதல் இது. அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் இதை நம்பி, காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களைத் தெருவிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

வேரோடு விழுந்த பல் அந்தக் கணமே செத்துவிடுவதில்லை. வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய நார்ச்சவ்வில் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை காய்வதற்குள் பல்லை அதே குழியில் வைத்தால் திரும்பப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. காய்ந்த நிலையில் அரை மணி நேரம் கடந்தால் பெரும்பாலான உயிரணுக்கள் மடிந்துவிடும். கை முறிந்தால் புத்தூர் கட்டுக்கு ஓடத் தெரிந்த நமக்கு, பல்லை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

செய்யவேண்டியது கடினமல்ல. பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக அலசுங்கள். அடிபட்டவர் நல்ல நினைவோடு இருந்தால், முன்பின் பார்த்துக் குழியிலேயே பொருத்தி, கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லி அழைத்துப் போங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். தண்ணீரில் அந்த உயிரணுக்கள் உப்பி வெடித்துவிடும். பாலுக்குப் பேர்போன சித்தூர்ச் சீமையில் பால் பாக்கெட் கிடைக்காத கடைத்தெரு ஏது? மருத்துவர் பக்கத்துப் பற்களோடு சேர்த்து இரண்டு வாரம் கம்பி கட்டுவார். வேர் முழுதாக வளர்ந்த பல்லானால் வேர்சிகிச்சையும் செய்வார். நேரம் கடந்துவிட்டாலும் பல்லைக் கொண்டுபோவது வீணல்ல. மீண்டும் பொருத்திய பல் சில ஆண்டுகளாவது நின்று தாடை எலும்பைக் காக்கும் என்பதால், பல் காய நிபுணர்களின் உலகச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்போதும் பொருத்தவே சொல்கிறது. பால் பல்லை மட்டும் திரும்ப வைக்கக்கூடாது. அடியில் வளரும் நிலைப்பல்லுக்குக் கேடு.

இம்ப்ளான்ட் எந்த வயதிலும் வைக்கலாம் என்பதும் தவறு. பத்து வயதுப் பிள்ளையின் தாடை வளரும், உலோகத் திருகு வளராது. மற்றப் பற்கள் இறங்கி வர, அது மட்டும் மேலே தங்கி, சிரித்தால் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தப் பல்லைக் காப்பது இதனால்தான் இன்னும் முக்கியம்.

“அசலைவிடக் கெட்டி, ஆயுளுக்கும் கவலையில்லை” என்கிறார்களே? டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போவதை ஸ்வீடனின் பிரோனேமார்க் 1950களில் முயல் எலும்பில் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அருமையான கண்டுபிடிப்பு. பல்லை உண்மையிலேயே இழந்த பெரியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு அந்த நார்ச்சவ்வு கிடையாது. கடிக்கும் விசையைத் தாங்கும் மெத்தையும் இல்லை, கல்லைக் கடித்தால் உடனே உணரும் நுட்பமும் குறைவு. சொத்தை விழாதுதான். சுற்றியுள்ள ஈறில் தொற்று வந்தால் எலும்பு கரையும். புகைப்பவர்களுக்கும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

தலையில் அடி, மயக்கம், வாந்தி இருந்தால் முதலில் ரூயா போன்ற பெரிய மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். பல்லும் பாலில் கூடவே போகட்டும். உடற்கல்வி ஆசிரியர்களே, 108 ஊழியர்களே, உங்கள் பிள்ளைகளுக்கும் சக ஊழியர்களுக்கும் இதை இன்றே சொல்லிவையுங்கள்.