தலைக்கட்டு வரி

நான் கடையத்தில் வங்கிக் குமாஸ்தா. கவிதையும் எழுதுகிறவன். நம் கூட்டங்களில் பணத்தைப் பற்றி வாயெடுத்தால், "கணக்கப்புள்ள வந்துட்டாம்லே" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விடுதலை பேசுகிற நம் அமைப்புகளில் ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிற அமைப்பு எத்தனை?

இதே கடையத்திலிருந்து 1920 ஜூனில் பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துக்களை 40 புத்தகங்களாகப் போட 20,000 ரூபாய் வேண்டும். ஆளுக்கு 100 ரூபாய்க்குக் குறையாமல் கடன் கொடுங்கள். மாதம் 2 சதவீதம் வட்டி தருகிறேன் என்று. மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி புத்தகம் வீடு வீடாகப் போகும் என்று நம்பினார். பணம் வரவில்லை. தீப்பெட்டி வாங்குகிறவனுக்கான புத்தகத்துக்கு நூறு ரூபாய்க்காரனிடம் போய் நின்றார்.

நம் பாட்டன்மார் வேறு மாதிரி செய்தார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்து ரூபாய் செலவில் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். விலை 2 அணா. சென்னையில் மட்டும் இரண்டே நாளில் சுமார் 400 பிரதி விற்றது. 1907இல் அயோத்திதாசர் விலையையே பேராக வைத்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் சனங்கள் அதைத் தாங்கினார்கள். 1914இல் அவர் மறைந்தார். 1926இல் அதே தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் 'தமிழ'னை மறுபடி எழுப்பினார். வெளிநாட்டுக் காசோலை எதுவும் வரவில்லை அய்யா.

இப்போது நம் கதைக்கு வருவோம். இங்கே ஒரு சேரியில் ஒரு தொண்டு நிறுவனம் இரவுப் பள்ளி நடத்தியது. பேர் வேண்டாம். 2020இல் அந்நியப் பங்களிப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் முதலில் தில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்கவேண்டும். வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய அமைப்பிடம் வாங்கிப் பிழைத்த சின்ன அமைப்புகளின் குரல்வளை அங்கேதான் நெரிபட்டது. அதற்கு முன்பே, 2016இல், மதுரை மக்கள் கண்காணிப்பகத்துக்கும் குஜராத்தின் நவசர்ஜனுக்கும் கதவைச் சாத்தியாயிற்று. சர்க்காரை வையத்தான் வேண்டும். வைகிறேன்.

ஆனால் பள்ளி மூடினபிறகு அந்தத் தெருவுக்குப் போனேன். பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அவுகளுக்குப் பணம் வரல, போயிட்டாவ. எங்கள்ட்ட யாருய்யா கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி உண்டு. விதவை வீட்டுக்குப் பாதி. எட்டாம் கொடை ராத்திரி லைட்டுக்கடியில் உட்கார்ந்து கணக்கு வாசிப்பார்கள். மேளத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. பத்து ரூபாய் இடித்தாலும் எழுந்து கேட்பார்கள், விடமாட்டார்கள். இந்தச் சனத்துக்கா நிர்வாகம் தெரியாது? தொண்டு நிறுவனமும் கணக்கு எழுதியது. வருசா வருசம் பணம் கொடுத்தவனுக்கு அனுப்பியது. தெருவில் ஒருநாளும் வாசிக்கவில்லை.

"ஏழைகள்ட்டயா வசூல் பண்ணுவீரு?" என்று ஒரு தோழர் கோபப்பட்டார். அவர்களால் முடியாது என்று நாமே முடிவு கட்டுவது இரக்கமா, இளக்காரமா? முழுச் செலவையும் அவர்கள் தலையில் கட்டச் சொல்லவில்லை. 1978இல் கன்ஷிராம் பாம்செஃப் தொடங்கியபோது சம்பளக்காரர்களிடம்தானே கேட்டார், சமூகத்துக்குத் திருப்பிக் கொடு என்று? இடஒதுக்கீட்டில் நாற்காலி பிடித்த நாம் என்ன கொடுத்தோம்? நான் ஃபிளெக்ஸ் போர்டுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு மாநாட்டுக்கு உண்டியலும் குலுக்கினேன். என்ன வசூல், என்ன செலவு, இன்றுவரை தெரியாது. குலுக்கின எனக்கே தெரியாது!

கணக்குப் போட்டோம். 60 தலைக்கட்டு, மாதம் 20 ரூபாய், ஆக 1,200. சம்பளக்காரர்கள் 9 பேர், ஆளுக்கு 200, ஆக 1,800. சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கு 2,500 போக மிச்சம் சில்லறைச் செலவுக்கு. முதல் மாதம் தெருவில் 860தான் சேர்ந்தது. சம்பளக்காரர்களில் இரண்டுபேர் போனை எடுக்கவில்லை. (பேர் நோட்டில் இருக்கிறது.) ஞாயிற்றுக்கிழமை ராத்திரி லைட்டுக்கடியில் நின்று வாசித்தேன். கை நடுங்கியது, கவியரங்கத்தில்கூட அப்படி நடுங்கியதில்லை.

"சாக்பீசுக்கு நாப்பது ரூவாயா?" என்று ஒரு அக்கா எழுந்து கேட்டாள்.

பில்லைக் காட்டினேன்.