மோட்டார் மாட்டினால் போதுமா?

துடுப்புப் போட்டுச் செல்லும் சின்ன ஓடத்தின் பின்புறம் ஒரு மோட்டாரை மாட்டிவிட்டால் வேகம் வந்துவிடும். பாதுகாப்பு வந்துவிடுமா?

வராது! மோட்டாரின் பாரத்தால் ஓடத்தின் பின்பக்கம் தாழும். அதற்கு மேல் ஆட்களையும் ஏற்றினால், விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே சாண் அளவுகூட மிஞ்சாது.

ஆகவே சட்டமும் மோட்டார் வைத்த ஓடத்தைத் துடுப்பு ஓடமாகக் கருதுவதில்லை. ஆறு, ஏரி, காயல்களில் ஓடும் படகுகளுக்கு 1917-ம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதை நீக்கிவிட்டு, 2021-ல் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது.

என்னென்ன வேண்டும்?

முதலில் படகைச் சோதித்துச் சான்றிதழ் தரவேண்டும். அதன் பிறகே பதிவு. ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். இன்ஷூரன்சும் கட்டாயம்.

தானூர் சோகம்

சட்டம் இருந்தும் என்ன? கேரளாவில் தானூர் அருகே 2023 மே 7-ந் தேதி இரவு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அது மீன்பிடிப் படகாக இருந்து மாற்றப்பட்ட படகு. அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தார்கள். பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று படகு கவிழ்ந்தபோதும் 22 உயிர்கள் போயின.

சான்றிதழ் ஆபீசில் இருக்கிறது. ஆபத்தோ படகுத்துறையில் இருக்கிறது. ஆட்களை எண்ணி ஏற்றவும், உயிர்காப்புச் சட்டை மாட்டிவிடவும் துறையில் ஒருவர் நிற்கவேண்டும்.

ஓடக்காரரின் பிழைப்பும் கெடக்கூடாது. கூலியை விட்டுவிட்டு அவர் ஆபீசுக்கு அலைவதைவிட, சோதனை செய்யும் அதிகாரி துறைக்கே வரலாம். அப்படி வந்தால், பதிவு செய்ய ஓடக்காரர்களும் தயங்கமாட்டார்கள்.