நஞ்சு விழட்டும் என்று காத்திருந்தோம்

ஓய்வு பெற்ற பிறகு கொல்லையில் நாலு பள்ளையாடு வாங்கிக் கட்டினேன். முதல் மார்கழியிலேயே ஒன்று விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு குட்டி போட்டது. எனக்கோ முன்னே பின்னே பழக்கம் கிடையாது. பக்கத்து வீட்டு ஆயா வந்து, "நஞ்சு விழறதுக்கு முன்னாடி பால் விடாதீங்க ஐயா, குட்டி கழியும்" என்றார்கள். குட்டிகளைச் சாக்கில் போட்டுத் தனியே வைத்தோம்.

நஞ்சுக்கொடி விழ ஏழு மணி ஆயிற்று. அவிழ்த்துவிட்டதும் பெரிய குட்டி மடியை முட்டிக் குடித்தது. சின்னதுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்றிருந்தது. மறுநாள் போய்விட்டது.

பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போய்க் கேட்டேன். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றிலிருக்கும்போதே ஓரளவு வந்துவிடுகிறது. ஆட்டுக்குட்டிக்கு அப்படி வராது, சீம்பாலில்தான் வரவேண்டும். அதை அப்படியே வாங்கிக்கொள்ளும் சக்தி குட்டியின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். அலுவலகத்தில் கோப்பை நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தே பழகியவன் நான். சீம்பாலை அப்படி வைக்க முடியாது.

இன்னொன்றும் சொன்னார். குட்டி காம்பைச் சப்பும்போது தாயின் கருப்பை சுருங்குகிறது. நஞ்சு விழ அதுவே உதவி. நாங்கள் செய்தது தலைகீழ்.

பெரியவர்கள் சொன்னதெல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஈன்ற ஆட்டை மந்தையிலிருந்து பிரித்துக் கட்டு, காய்ந்த வைக்கோல் போடு, வெதுவெதுப்பாகத் தண்ணீர் காட்டு என்று அதே ஆயா சொன்னது அத்தனையும் சரி. குட்டி கழிவதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பழி சேரவேண்டியது அழுக்கு மடிக்கும் ஈரத் தரைக்கும், சீம்பாலுக்கு அல்ல.

இப்போது எங்கள் வீட்டில் குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடைத்து, தாயை நக்கவிடுகிறோம். தொப்புளில் டிங்சர் அயோடின். மடியை வெந்நீரில் துடைத்து, இரண்டு காம்பிலும் முதல் பீச்சைக் கீழே விட்டுவிட்டு, அரை மணிக்குள் குட்டியைச் சேர்க்கிறோம். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது, நாலைந்து தடவையாக உள்ளே போகவேண்டும். தலைச்சன் ஆடு சில சமயம் ஒரு குட்டியை முட்டித் தள்ளும். அப்போது ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் குட்டியை ஊட்டவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். நஞ்சு பன்னிரண்டு மணி நேரமாகியும் விழவில்லையென்றால் கையால் இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அந்த ஆயாவும் இப்போது, "சீக்கிரம் குட்டியை விடுங்க ஐயா" என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் தெருவில் இன்னும் யாராவது நஞ்சு விழக் காத்திருந்தால், நீங்களும் போய்ச் சொல்லுங்கள்.