எலிக்கு இருக்கிற வசதி

நம்ம பழைய ரூம்மேட் ஒருத்தன் லேப்ல எலி வளர்க்கிறான். கொஞ்சறதுக்கு இல்லை மக்களே, அதுக்குக் கிட்னி கெட்டுப்போறதைப் பார்க்கறதுக்கு! நியூசிலாந்துக் கறுப்பு எலியையும் வெள்ளை எலியையும் இணைச்சுப் பிறக்கிற வகை. லூபஸ் ஆராய்ச்சியில் 1960களிலிருந்து இதுதான் சீனியர். உடம்பு தன் டி.என்.ஏ.வையே எதிரியா நினைச்சு ஆன்டிபாடி தயாரிக்கும். அது சிறுநீரக வடிகட்டிகளில் போய்ப் படியும், அழற்சி வரும், புரதம் ஒழுக ஆரம்பிக்கும். பெண் எலிக்கு 5, 6 மாசத்தில் தொடங்கி, பெரும்பாலும் ஒரு வயசுக்குள் கதை முடிஞ்சிடும். மனுஷங்களிலும் லூபஸ் பெண்களுக்குத்தான் அதிகம்.

"ஒழுகறது எப்படிடா தெரியும்?"

"வாராவாரம் ஒரு சொட்டு மூத்திரம், ஒரு ஸ்ட்ரிப். மஞ்சளா இருந்தா ஓகே, பச்சையானா ஆரம்பிச்சாச்சு."

போன மாசம் ஜவ்வாது மலை போயிருந்தோம். ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு சின்ன ஊரில் சாமைச் சோறு போட்ட அக்காவுக்கு முப்பது வயசு இருக்கலாம். முகமெல்லாம் வீக்கம். "காலைல இப்படித்தான் தம்பி இருக்கும், வெயில் ஏறுனா வத்திடும்"னாங்க. எனக்கு எலி ஞாபகம் வந்தது (தப்புதான், மன்னிக்கணும்). ரத்த சோகையாக்கூட இருக்கலாம், நான் டாக்டர் இல்லை.

"மூத்திரம் டெஸ்ட் பண்ணீங்களாக்கா?"

"அதுக்குக் கீழ போகணும். ஒரு நாள் கூலி போயிடுமே."

2023ல் தமிழக அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதே ஸ்ட்ரிப் சோதனையைத் தொடங்கியது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனா ஆள் அங்கே போகணும். எலி எங்கேயும் போறதில்லை, ஸ்ட்ரிப்தான் கூண்டுக்கு வருது. 2021ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷரும் சுகரும் வீட்டு வாசல்லயே பார்க்கிறாங்க இல்லையா, மலைக்குப் போகிற அந்தப் பையில் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் இருக்கட்டும். அதே மலையில், காவலூரில், 1986லேர்ந்து 2.3 மீட்டர் டெலஸ்கோப் நட்சத்திரம் பார்க்குது. வடக்கே இறங்கினா வேலூர் சி.எம்.சி., 1971லேயே கிட்னி மாற்று சிகிச்சை செஞ்ச இடம். நடுவில் இரண்டு நிமிஷ டெஸ்ட்டுக்கு வழியில்லைன்னா எப்படி?

காய்ச்சல், கடும் உழைப்புக்குக்கூடப் புரதம் போகும், சும்மா பயமுறுத்துவீங்கன்னு கேட்கலாம். சரி, இரண்டாவது தடவை பாருங்க. அழற்சியா இருக்கும்போது மாத்திரை கேட்கும். தழும்பாயிட்டா கேட்காது, அப்புறம் டயாலிசிஸ்தான்.

ஊருக்கு வந்து நண்பன்கிட்ட சொன்னேன். "லூபஸ்னா, வீங்கறதுக்கு முன்னாடியே ஸ்ட்ரிப் பச்சையாகியிருக்கும்டா"ன்னான். அக்கா போன் நம்பர் கொடுத்திருந்தாங்க. மூணு நாளா அடிக்கிறேன், டவர் கிடைக்கலை.